ஓர் அங்குலம்கூட நகரவில்லை

அன்று விடியும்போது பதினேழாம் வளைவில் இருந்தவர்கள்:

தேசம்மாள். ஐம்பதைத் தொட்டவள். கடல் விழுங்கிவிட்ட காசிமேட்டைச் சேர்ந்தவள். இந்த வளைவுக்கு அன்றுதான் வந்தாள்.
நீலமேகம், அவள் கணவன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. படுத்தபடியே வந்து சேர்ந்தவன்.
துலுக்காணம், பக்கத்து வீட்டுக்காரன். பல் துலக்கிக்கொண்டிருந்தான்.
இழுவன் ஒன்று, தேர்வுத்துணை ஒன்று. இரண்டும் இயந்திரங்கள்.
எத்திராஜ் குடும்பம், நான்கு பேர்.

கடைசி வரி மலையின் வருகைப் பதிவு சேர்த்தது. நாள் தவறாமல் சேர்க்கிறது. அந்த நால்வரையும் தேசம்மாள் சுற்றுமுற்றும் தேடிப் பார்த்தாள். காணவில்லை.

மலைப்பாதையில் பொழுது இப்படித்தான் விடியும். சாலையோரம் சரிவில் நிற்கும் உருள்மனைகளுக்குள், தூங்குகிறவர்களின் காதருகே, வீட்டை இயக்கும் வீட்டுமதி கேட்கும்: "நேற்றிரவு உங்கள் முட்டுக்கட்டை உங்கள் இல்லத்தை உருளாமல் பிடித்துக்கொண்டது. ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருகிறீர்கள்?" உள்ளே இருப்பவர் கண்ணைத் திறக்காமல் "அஞ்சு" என்பார். கதவு திறக்கும். சொல்லாவிட்டால் திறக்காது. சிறுநீர் முட்டிக்கொண்டு நிற்கும்போது யாரும் ஒரு கட்டையின் குணநலன்களை எடைபோட மாட்டார்கள். மேல் வளைவிலிருந்து ஓர் அஞ்சு கேட்டது. கீழ் வளைவிலிருந்து கொட்டாவியோடு ஒன்று. அதன்பின் ஒரு குழந்தையை அதட்டிவிட்டு ஒரு பெண் சொன்ன அஞ்சு.

கடைசியாக ஓர் ஆண்குரல் இருமியது. "அஞ்சு, தொற" என்றது. அது சாலையிலிருந்து வரவில்லை. சாலை முடிந்து பள்ளம் தொடங்குமிடத்துக்கும் கீழே, புதருக்குள்ளிருந்து வந்தது.

"கீழ யாரு கீறாங்க?" என்றாள் தேசம்மாள்.

துலுக்காணம் நுரையைத் துப்பினான். "எத்திராஜ் அண்ணாத்த."

"அங்க இன்னாத்துக்கு வூட்ட நிறுத்திக்கினாரு?"

"நிறுத்தல" என்றான் துலுக்காணம். "நீ நிக்கிறியே, இதான்க்கா அவரு எடம். போன ஐப்பசி மழையில கட்ட வழுக்கிக்கிச்சு."

"ஆளுங்க?"

அவன் மறுபடி பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டான். வாய் நிறைய நுரையோடு நிற்பவனிடம் அதற்குமேல் என்ன கேட்பது? ஆனால் தேசம்மாள் விடுகிற ஆள் இல்லை. "பேசறாரே அப்பறம்?"

"அவரு எங்க பேசறாரு? வூடு பேசுது. மாறாவிடை போட்டு வச்சிருந்தாரு."

மாறாவிடை என்பது ஒரு வசதி. ஒருமுறை உன் குரலில் பதிலைச் சொல்லிவிட்டால் போதும், வீடே நாள்தோறும் அதைச் சொல்லிக்கொள்ளும். தூக்கம் கெடாது. எத்திராஜ் சளியோடு இருந்த ஒரு காலையில் அதைப் பதிந்திருந்தான். பள்ளத்தில் ஒருக்களித்துக் கிடந்த வீட்டின் மேல்தகட்டில் தினமும் வெயில் பட்டது. வெயில் பட்டால் வீட்டுமதிக்கு உயிர் வந்துவிடும். அது கேள்வி கேட்கும். அதுவே பதிலும் சொல்லிக்கொள்ளும்.

சமவெளி முழுவதும் இப்போது கணிப்புலம். கண்ணுக்கெட்டியவரை கணினிகள் அடைத்த கரும்பெட்டிகள், அவற்றைக் குளிர்விக்கும் வாய்க்கால்கள். வாய்க்கால் நீர் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதால் சமநிலம் பெட்டிகளுக்கு. மனிதர்களுக்கு அப்படி மட்டம் எதுவும் தேவையில்லை என்று கண்டறிந்து, அவர்களை ஜவ்வாது மலையின் பழைய சாலைக்கு ஏற்றிவிட்டார்கள். நிலம் இல்லாதவன் கட்டடம் கட்டக்கூடாது என்பது சட்டம். எனவே எல்லோருக்கும் சக்கரம் வைத்த உருள்மனை. படுக்கை, அடுப்பு, வெப்பம் தாங்கும் சுவர், கை மட்டும் நுழையக்கூடிய சன்னல். எப்போது வேண்டுமானாலும் நகர்த்தக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். தரையோடு கட்டினாலோ, கயிற்றால் பாறையில் பிணைத்தாலோ அது கட்டடம் ஆகிவிடும். கட்டடம் என்றால் குற்றம். ஆகவே சரிவில் நிற்கும் ஒரு வீட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருப்பது சக்கரத்துக்கு அடியில் வைக்கும் கட்டை ஒன்றுதான்.

தேசம்மாள் இத்தனை வருடம் அடிவாரத்து முகாமில் இருந்தாள். தட்டையான மண். சக்கரம் பாதி புதைந்து கிடந்த வீட்டுக்குக் கட்டை எதற்கு? கணிப்புலத்துக்குப் பெட்டி வைக்க இடம் போதாமல் முகாமைக் காலி செய்தார்கள். இழுவன் என்ற பெரிய இழுவை இயந்திரம் இருட்டோடு வந்து அவள் வீட்டைக் கொக்கியில் மாட்டி மலையேற்றிவிட்டது. பொழுது சாயும்வரை அது வீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்குள் அவள் ஒரு கட்டையைத் தேர்ந்தெடுத்து வைத்தாக வேண்டும். தவறினால் வீடு உருக்காலைக்கு. அவள் மகளிர் விடுதிக்கு. நீலமேகம் படுக்கைக்கூடத்துக்கு.

படுக்கைக்கூடத்தை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். எழுந்து நடக்க முடியாதவர்களைச் சுவரில் இழுப்பறைகள் மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். தலைமாட்டில் ஒரு குழாய், கால்மாட்டில் ஒரு குழாய். பார்வையாளர் வந்தால் இழுத்துக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே தள்ளுவார்கள்.

"இன்னாமே, இன்னா சத்தம் வெளில?" உள்ளிருந்து நீலமேகம் கூப்பிட்டான்.

"ஒண்ணுமில்ல. கட்ட வாங்கணும்."

"பாத்து வாங்கு. உருண்டா நீ குதிச்சிடுவ. நான் கட்டிலோட போவணும்."

"உன்ன வுட்டுட்டு நான் எங்கயா குதிக்கிறது?"

"குதிப்ப, குதிப்ப. எனுக்குத் தெரியாதா?" சிரித்தான். சிரித்ததும் இருமல் வந்தது.

தேர்வுத்துணை நாலு காலில் குதித்துக் குதித்து வந்தது. வெள்ளாட்டு உயரம், முதுகில் மாதிரிக் கட்டைகள், பக்கவாட்டில் எல்லாம் கண்கள். வளைவுக்காரர்கள் அதை ஆடு என்றுதான் சொல்வார்கள். அதற்கு அது தெரியும். வருத்தப்படும் அமைப்பு அதற்கு இல்லை.

"வணக்கம், தேசம்மாள் அவர்களே. தங்கள் இல்லத்துக்குப் பொருத்தமான முட்டுக்கட்டையைத் தேர்ந்தெடுக்கும் இனிய தருணம் இது. வளைவு மக்களின் முதல் தேர்வு மலைப்பிடி. மதிப்பெண் நான்கு புள்ளி ஒன்பது ஏழு."

கிளிப்பச்சை நிறத்தில் ஒரு கட்டையை நீட்டியது. தேசம்மாள் வாங்கினாள். தேங்காய் அளவு கனம்கூட இல்லை. தட்டினாள். உள்ளே காலி.

"இதுவா பிடிக்கும்?"

"மலைப்பிடி ஓர் அறிகட்டை. சக்கரத்தின் வளைவை உணர்ந்து தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும். ஒரு கையால் தூக்கலாம். வண்ணங்கள் பல உண்டு."

துலுக்காணம் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நின்றான். "நானும் அதான்க்கா வச்சிக்கிறேன். பச்ச இல்ல, ஆரஞ்சி."

"எத்திராஜ் இன்னா வச்சிருந்தாரு?"

"அதே."

"அதே வச்சி உருண்டாரு. நீ அதையே வச்சிக்கினு படுத்துத் தூங்குறியா?"

"நம்ம எடம் பாறக்கா. அவருது களிமண்ணு." காலால் தரையைக் கிளறிக் காட்டினான். தேசம்மாளின் சக்கரத்தடியில் மண் சிவப்பாக, பிசுபிசுப்பாக இருந்தது. "காஞ்சிருந்தா இது சும்மா உடும்பு மாதிரி புடிக்கும். ஈரமானா தெப்பம் மாதிரி மெதக்கும். ஆனா பாரு, நாலு புள்ளி ஒம்போது ஏழு. அத்தினி பேரும் தப்பாவா சொல்லுவாங்க?"

"நீ இன்னா போட்ட காலைல?"

"அஞ்சு."

"யோசிச்சிப் போட்டியா?"

"யோசிக்க உட்கார்ந்தா லுங்கி நனைஞ்சிடும்க்கா."

"தூ" என்றாள் தேசம்மாள். "நான் சொல்ல மாட்டேன். எவன் கேட்டாலும் நான் அஞ்சுன்னு சொல்ல மாட்டேன்."

இந்த மதிப்பெண் வழக்கம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். மக்களை மலையேற்றிய முதல் மழைக்காலத்தில் பல வீடுகள் உருண்டன. ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். குழுவில் இருந்தவை எல்லாம் இயந்திரங்கள். மனிதர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ள அவை நூறாண்டுக்கு முந்தைய பதிவுகளைக் கரைத்துக் குடித்தன. அந்தக் காலத்து ஆட்கள் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே நட்சத்திரம் போட்டார்கள். பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே போட்டார்கள். ஆஸ்பத்திரியில் பிணத்தை வாங்கிக்கொண்டு போகும் வழியில், சேவை எப்படி இருந்தது என்று கேட்டதற்கும் போட்டார்கள். கோடிக்கணக்கான நட்சத்திரங்கள். பெரும்பாலும் ஐந்து. இவ்வளவு திருப்தியான ஓர் உயிரினத்தை அந்த இயந்திரங்கள் வேறெங்கும் கண்டதில்லை. தொல்லை விட்டால் போதும் என்று அழுத்தியதுதான் அத்தனையும் என்பது எந்தப் பதிவிலும் இல்லை. ஆகவே குழு தன் முடிவை அறிவித்தது: வீடுகள் உருள்வதற்குக் காரணம், மக்களின் கருத்தைப் போதிய அளவு கேட்காதது. அன்று முதல் கதவு கேட்கிறது.

"வேற காட்டு" என்றாள் தேசம்மாள் ஆட்டிடம்.

அது இன்னும் இரண்டு காட்டியது. இரண்டும் மலைப்பிடியின் தம்பிகள். அதே எடை, அதே வெறுமை. அவள் ஆட்டின் முதுகை எட்டிப் பார்த்தாள். அடியில், வலைப்பைக்குள், கன்னங்கரேலென்று ஒன்று கிடந்தது.

"அது?"

"இரும்புத்தவளை. ஒப்பீட்டுக்காக மட்டும் எடுத்துவரப்படுகிறது."

அவள் இரண்டு கையாலும் வெளியே இழுத்தாள். வார்ப்பிரும்பு. அடியில் மண்ணைக் கவ்வும் பல்வரிசை. ஜோடியாக இருந்தது. சக்கரத்தின் முன்னொன்றும் பின்னொன்றும் வைத்து நடுவில் சங்கிலியால் இறுக்குவதற்கு. கீழே போட்டதும் மண்ணில் பாதி இறங்கிவிட்டது.

"இதுக்கு இன்னா மார்க்கு?"

"இரண்டு புள்ளி ஒன்று."

"இன்னா கொற சொல்றாங்க?"

"அழகற்றது. கால்விரல் நகம் போயிற்று. பெண்களால் தூக்க முடிவதில்லை. ஒருமுறை வைத்துவிட்டால் எடுக்கவே வருவதில்லை. வீட்டை வேறு இடத்துக்கு மாற்ற முயன்றபோது மூன்று பேர் கடப்பாரையோடு அரை நாள் போராட வேண்டியிருந்தது."

தேசம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "கொற சொன்னாங்களே, அவங்கல்லாம் இப்ப எங்க கீறாங்க?"

"அனைவரும் தத்தம் முகவரியிலேயே வசிக்கிறார்கள்."

"மலைப்பிடிக்கு அஞ்சு போட்டவங்க?"

"முகவரிகளில் உயர வேறுபாடு உள்ளது" என்றது ஆடு.

துலுக்காணம் சிரிக்கப் பார்த்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான்.

உயிரோடு இருப்பவன் ஒருநாள் நாலு என்பான். ஒருநாள் கால் இடித்துக்கொண்டு மூன்று என்பான். வீடு மாறிப் போய்விடுவான். பள்ளத்தில் கிடக்கிற வீடு அப்படியில்லை. அதற்குக் கோபம் வராது, அலுப்பு வராது. வெயில் அடிக்கிறவரை ஐந்துதான். எந்தக் கட்டை அதிகம் பேரைக் கீழே அனுப்பியதோ அதன் மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. மதிப்பெண் ஏற ஏற எல்லோரும் அதையே வாங்கினார்கள். தேசம்மாள் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஆனால் வலையில் ஒரே பக்கமாக மீன் சாய்ந்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்தவள்.

"எனுக்கு இந்தத் தவளதான் வேணும்."

"வருந்துகிறேன். நான்கு புள்ளி எட்டுக்குக் குறைந்தவை சரிவில் பாதுகாப்பற்றவை. அனுமதி இல்லை."

"எத்திராஜ் செத்துட்டாரு. அவரு மார்க்க எடுத்துட்டு அப்பறம் கணக்குப் போடு."

"இது ஒரு புகார். பயனரிடமே உறுதிசெய்கிறேன்."

ஆட்டின் கண்கள் பள்ளத்தின் பக்கம் திரும்பின. பிறகு பள்ளத்திலிருந்து இருமல். "அஞ்சு, தொற."

"உறுதியானது" என்றது ஆடு. "கூடுதலாக, அவர் இல்லம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை என்று அவருடைய வீட்டுமதியும் சான்றளிக்கிறது."

"கீழ வுழுந்தப்பறம் எங்கடா நகரும்?"

"அதைத்தான் நானும் சொல்கிறேன், அம்மா."

தேசம்மாள் சாலையின் விளிம்புக்குப் போனாள். துலுக்காணமும் போனான். கீழே ஈச்சம்புதர்களுக்கு நடுவில் அந்த வீடு பக்கவாட்டில் கிடந்தது. நாலு சக்கரமும் வானத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்திருந்தன. கதவு காலையில் சொன்ன ஐந்துக்குத் திறந்திருந்தது. ஒரு வெள்ளைக் கொக்கு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது.

"கதவு தொறந்துதான கீது. அன்னிக்கிக் குதிச்சிருக்கலாமே?"

"அன்னிக்கித் தொறக்கல." துலுக்காணம் குரலைத் தாழ்த்தினான். "வூடு அது இதுன்னு கேக்கும் பாரு, மாறாவிடை வேணுமா, ராத்திரி பூட்டு வேணுமான்னு. அவரு எல்லாத்துக்கும் ஆமா சொல்ற மனுசன். ராத்திரி பூட்டு போட்டா வெடியற வரிக்கும் தொறக்காது. நான் பூட்டு வேணான்னு சொல்லிக்கினேன், ராத்திரில ஒதுங்கப் போவணும்ல. அன்னிக்கி மழையில கதவத் தட்டுற சத்தம் கேட்டுச்சுக்கா. நான் வெளிய வந்து பாக்குறேன். தட்டுற சத்தம் அப்டியே கீழ போய்க்கினே இருந்துச்சு."

மலைக்கு மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது.

உள்ளே போய் நீலமேகத்தைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்தபோது தேசம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"கட்ட எவனுக்கு வேணும்?" என்றான். "கீழ இன்னா கீது?"

கட்டிலுக்கு அடியில் இருந்தது அவர்களுடைய படகின் நங்கூரம். படகு போயிற்று, கரை போயிற்று, ஊரே போயிற்று. கொக்கி மாதிரி வளைந்த நாலு கொழு வைத்த அந்த இரும்பையும் அதன் வடத்தையும் மட்டும் அவன் முகாம் முகாமாக இழுத்துவரச் சொன்னான். எடைக்குப் போட்டுவிடலாம் என்று அவள் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறாள்.

"மேல பாறயில ஒரு வெடிப்பு பாத்துக் கொழுவ எறக்கு. வடத்த அச்சாணில கட்டு. களிமண்ணு இன்னா, மலையே சரிஞ்சாலும் வூடு தொங்கிக்கினு நிக்கும். அலையில நின்னுச்சு, இது இன்னா சரிவு?"

"கட்டுனா கட்டடம்யா. புடிச்சிக்கினு போயிடுவான்."

"ஆடு கீற வரிக்கும் கட்டாத. அதுக்குப் பச்சக் கட்டையவே வச்சிக் காட்டு. அது போனப்பறம் கட்டு. வெடிஞ்சா அவுத்துடு. ராத்திரி மட்டும் நங்கூரம். கடல்ல நாம அப்டித்தான செஞ்சோம்?"

சரிவையும் கடல் மாதிரியே நினைத்தான் அவன். தேசம்மாளுக்கும் அது சரியாகவே பட்டது. அன்று முதல்முறையாக அவளுக்குப் பசித்தது.

துலுக்காணத்திடம் சொன்னபோது அவன் கண் விரிந்தது. "நங்கூரமா? எம்மாம் நாளாச்சு அந்தப் பேரக் கேட்டு! ஆடு கண்ணுல பட்டா மூணு பேரும் காலிக்கா." ஆனால் மறுக்கவில்லை. மதியத்தில், விறகு பொறுக்குகிறவன் மாதிரி, சாலைக்கு மேலிருந்த பாறையில் ஏறி ஒரு வெடிப்பைக் கடப்பாரையால் மண் நீக்கிச் சுத்தம் செய்து வைத்தான். ஆடு அவனைப் பார்த்தது. பாறையைச் சுத்தம் செய்யக்கூடாது என்று சட்டத்தில் இல்லை.

நங்கூரத்தை முன்கூட்டியே வெளியே கொண்டுவர முடியவில்லை. ஆடு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதன் பக்கவாட்டுக் கண்களில் ஒன்றாவது எப்போதும் கதவின்மேல் இருந்தது. பரவாயில்லை. ஆடு போனதும் உள்ளே போய் எடுத்தால் ஆயிற்று.

பொழுது சாயும்போது கைமாற்றுச் சடங்கு நடந்தது. வீட்டுக்காரர் வெளியே, சக்கரத்தின் பக்கத்தில் நிற்க வேண்டும். கதவு மூடியிருக்க வேண்டும். தேசம்மாள் கிளிப்பச்சை மலைப்பிடியை நாலு சக்கரத்துக்கும் கீழ்ப்புறமாகத் தள்ளி வைத்தாள். அவை முனகிக்கொண்டே சக்கரத்தின் உருவத்துக்கு வளைந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தன. இழுவன் கொக்கியைக் கழற்றியது. வீடு ஒரு பெருமூச்சு விட்டமாதிரி அசைந்து, கட்டைகளின்மேல் சாய்ந்து நின்றது.

"நிற்கிறது" என்றது ஆடு. "வாழ்த்துகள், தேசம்மாள் அவர்களே. இந்த வளைவு தங்களை வரவேற்கிறது."

இழுவன் சங்கிலிகளைக் கலகலவென்று இழுத்துக்கொண்டு இறங்கிப் போனது. ஆடும் அதன் பின்னால் குதித்துக் குதித்துப் போனது. அவை வளைவில் திரும்பும் நேரத்தில் முதல் தூறல் விழுந்தது. துலுக்காணம் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு பாறைமேல் ஏறி, வெடிப்பருகே குந்தினான். இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான். ஆடு போய்விட்டது என்பதற்கான சைகை அது.

தேசம்மாள் கதவுக்கு ஓடினாள். கதவு திறக்கவில்லை. மேலே சின்ன விளக்கு எரிந்தது.

"வருக" என்றது வீட்டுமதி. முகாமில் அதற்கு இந்தக் குரல் இல்லை. மலைக்கென்று இனிப்பாக மாற்றியிருந்தார்கள். "தங்கள் புதிய முட்டுக்கட்டை பற்றிய முதல் கருத்தைப் பதியுங்கள். ஐந்துக்கு எத்தனை?"

"இன்னும் ஒரு ராத்திரிகூட ஆவலியேடா! கதவத் தொற."

"ஐந்துக்கு எத்தனை?"

"ஒண்ணு."

"தங்கள் அதிருப்திக்கு வருந்துகிறோம். காரணங்களை ஒவ்வொன்றாகக் கேட்டறிய விரும்புகிறோம். முதல் கேள்வி: முட்டுக்கட்டையின் நிறம் தங்களுக்கு ஏமாற்றம் அளித்ததா?"

மழை பிடித்துக்கொண்டது. தூறலாக இருந்தது கணத்தில் சரஞ்சரமாக இறங்கியது. சிவப்பு நீர் சாலையைக் குறுக்காகக் கடந்து அவள் காலைச் சுற்றி ஓடியது. பக்கத்துச் சக்கரத்தைப் பார்த்தாள். மலைப்பிடியின் அடியில் மண் குழைந்து சேறாகிக்கொண்டிருந்தது. பச்சைக் கட்டை லேசாக, மிக லேசாக, மேலே எழும்பினமாதிரி இருந்தது.

"நிறம் நல்லா கீது. கதவத் தொற!"

"நன்றி. இரண்டாம் கேள்வி: எடை—"

பாறைமேலிருந்து துலுக்காணம் கத்தினான். "அக்கா, சீக்கிரம்! மழ வெடிப்புல மண்ண ரொப்புது!"

உள்ளேயிருந்து நீலமேகம் சுவரைத் தட்டினான். "மே! வூடு ஆடுது மே!"

தேசம்மாள் கதவின்மேல் உள்ளங்கையை வைத்தாள். அவள் காலையில் சொன்ன சொல் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது அதற்கு நேரமில்லை. ஒரு நங்கூரம் உள்ளே இருந்தது. ஒரு பாறை வெளியே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்வி. அதைத் தாண்டிவிட்டால் போதும்.

"அஞ்சு" என்றாள்.

"மிக்க மகிழ்ச்சி. மதிப்பெண் பதிவாகிவிட்டது. இதே விடையைத் தங்கள் குரலில் நாள்தோறும் நாங்களே பதிந்துகொள்ளலாமா? இனி இந்தக் கேள்வி தங்களைத் தொந்தரவு செய்யாது."

"ஆமா, ஆமா." அவள் கண் சக்கரத்தில் இருந்தது. நீர் அதைச் சுற்றிச் சுழித்தது.

"நன்றி. மழைக்காலத்தில் இரவு கதவு திறந்தால் ஈரம் உள்ளே வரலாம். தங்கள் பாதுகாப்புக்காக விடியும்வரை கதவைப் பூட்டிவைக்கலாமா?"

மேலே துலுக்காணம் மறுபடி விசிலடித்தான். உள்ளே நீலமேகம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

"ஆமா! ஆமான்னு சொல்றன்ல! தொற!"

கதவு திறந்தது. அவள் சேற்றுக் காலோடு உள்ளே பாய்ந்தாள். நீலமேகம் கட்டிலிலிருந்து பாதி உடம்பைத் தொங்கவிட்டு, கையாலேயே நங்கூரத்தை நடுவீடுவரை இழுத்து வைத்திருந்தான். வடம் அவன் மார்பின்மேல் சுருண்டு கிடந்தது. மூச்சு வாங்கியது. முகத்தில் சிரிப்பு இருந்தது.

"இன்னாமே, இம்மா நேரம்? இன்னா கேட்டுச்சு அது?"

"எவன் கேட்டான் அத்த" என்று சொல்லிக் குனிந்து, நங்கூரத்தைத் தோளுக்குத் தூக்கினாள் தேசம்மாள். பின்னால் கதவு மூடியது. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு தாழ்கள் விழுந்தன.